குடிக்கூலிக் கணக்கு

மாதுங்காவில் என் பெரியப்பா குடியிருக்கும் அறைக்கு மாத வாடகை எண்பத்து நான்கு ரூபாய். எழுத்துப் பிழையன்று, எண்பத்து நான்கேதான். தெருமுனைக் கடையில் ஏழு கோப்பைத் தேநீர் குடித்தால் அந்தத் தொகை தீர்ந்துவிடும். அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், வக்கோலாவில், எம். எஸ்ஸி. படிக்கும் நாங்கள் நால்வர் சேர்ந்து ஓர் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இருக்கிறோம். அதற்கு மாதம் 36,000 ரூபாய். தலைக்கு ஒன்பதாயிரம். முன்பணம் தனி, தரகு தனி.

முதன்முறை இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, பெரியப்பா கொடுத்து வைத்தவர் என்றும் நாங்கள் ஏமாந்தவர்கள் என்றும்தான் எனக்குத் தோன்றிற்று. சென்ற மழைக்காலத்தில் அவ்வறையில் மூன்று இரவுகள் தங்கிய பின்பு அவ்வெண்ணம் மாறியது. மேல்தளத்துச் சுவரில் ஒழுகும் நீரைப் பிடிக்க இரண்டு வாளிகள் வைத்திருந்தார்கள். மாடிப்படியின் அடியில் தேக்கு உத்தரத்தைத் தாங்க மூங்கிலும் மரக்கட்டையுமாக முட்டுக் கொடுத்திருந்தது. "ராத்திரி சத்தம் கேட்டா பயப்படாதே, அது மரம் முனகறது" என்றார் பெரியம்மா. மலிவான வாடகை என்பதன் விலையை அன்று கண்டேன். பௌதிகம் படிப்பவன் ஆகையால், எங்கோ ஒரு கணக்குத் தவறியிருக்கிறது என்ற எண்ணமும் உடனே எழுந்தது. அந்தக் கணக்கைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் எண்பத்து நான்கு ரூபாய் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். முதல் உலகப்போரின் முடிவில் பம்பாயில் ஆலைகள் பெருகின. ஆட்கள் வந்து குவிந்தனர். இரும்பும் மரமும் கிட்டாமையால் புது வீடுகள் எழவில்லை. வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றிக்கொண்டே போனார்கள். அதைத் தடுக்க 1918-ஆம் ஆண்டிலேயே ஒரு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. இரண்டாம் உலகப்போரில் மீண்டும் அதே நிலை. அதன் பின் 1947-இல் வந்ததுதான் பெயர் பெற்ற பம்பாய் வாடகைச் சட்டம். 1940 செப்டம்பர் 1 அன்று ஒரு வீடு என்ன வாடகைக்கு விடப்பட்டிருந்ததோ அதுவே அதன் நிர்ணய வாடகை என்று அச்சட்டம் வரையறுத்தது. போர்க்காலமும் அகதிகளின் வருகையும் நெருக்கிய அந்நாளில், ஏழைக் குடும்பங்களைத் தெருவில் நிறுத்தாமல் காத்த சட்டம் அது. அதைக் குறை கூறுவது அறியாமை.

ஆனால் தற்காலிகமாக வந்த அந்தச் சட்டம், காலம் முடியும்போதெல்லாம் நீட்டிக்கப்பட்டு அரை நூற்றாண்டு வாழ்ந்தது. அரிசி விலை ஏறிற்று. கொத்தனார் கூலி ஏறிற்று. சிமெண்டு விலை ஏறிற்று. 1940-ஆம் ஆண்டு வாடகை மட்டும் அசையவில்லை. 1997 டிசம்பரில் உச்சநீதிமன்றம், வாடகையை இவ்வாறு உறைய வைத்திருக்கும் பிரிவுகள் காலப்போக்கில் நியாயமற்றவையாகிவிட்டன என்று தீர்ப்பளித்தது. ஆயினும் சட்டத்தை உடனே தள்ளிவிடவில்லை. அடுத்த மார்ச்சில் அது காலாவதியாக இருந்ததால் புதிய சட்டம் இயற்றும் பொறுப்பை அரசிடம் விட்டது. அதன் பின் வந்ததே 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 2000 மார்ச் 31 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பழைய வாடகையில் ஐந்து விழுக்காடு ஒருமுறை ஏற்றலாம். பின்னர் ஆண்டுக்கு நான்கு விழுக்காடு ஏற்றலாம்.

நான்கு விழுக்காடு என்பது காதுக்கு நியாயமாகவே ஒலிக்கிறது. போட்டுப் பாருங்கள். 1940-இல் முப்பது ரூபாய் வாடகை. ஐந்து விழுக்காடு கூட்டினால் 31 ரூபாய் 50 காசு. அதை இருபத்தைந்து ஆண்டுகள், ஆண்டுக்கு நான்கு விழுக்காடு வீதம், கூட்டு வட்டி முறையில் பெருக்கினால் ஏறத்தாழ 2.67 மடங்கு. விடை, எண்பத்து நான்கு. வளர்ச்சி விகிதத்தைத் திருத்தினார்களேயன்றித் தொடக்கப் புள்ளியைத் திருத்தவில்லை. ஆய்வுக்கூடத்தில் கருவியின் சுழியைச் சரி செய்யாமல் அளவெடுத்துக்கொண்டே போனால் என்னவாகும் என்பது நம் அறிவியல் மாணவர்களுக்குத் தெரியும்.

இனி வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து பார்ப்போம். இருபத்து நான்கு அறைகள் கொண்ட ஒரு கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் 84 ரூபாய் கொடுத்தால் மாதம் 2,016 ரூபாய், ஆண்டுக்கு 24,192. வரிகளைக் குடியிருப்பவர்களே தனியே கட்டிவிடுவதாகக் கொண்டாலும், மாடிப்படியைப் பெருக்குபவருக்குக் கூலி, நீரேற்றும் மோட்டாருக்கு மின்கட்டணம், படிக்கட்டு விளக்கு ஆகியவற்றிற்கே இத்தொகை போதாது. மொட்டைமாடி ஒழுக்கை அடைக்கப் பெரியப்பா வீட்டுக் கட்டடத்திற்கு ஒரு மேஸ்திரி சொன்ன தொகை ஆறு லட்சம். ஆண்டு முழுவதும் வரும் வாடகையை ஒரு காசும் செலவிடாமல் சேர்த்தால் இருபத்தைந்து ஆண்டுகளில் அந்த ஆறு லட்சம் சேரும். அதற்குள் மாடியே இருக்காது.

அந்தக் கட்டடத்தின் உரிமையாளரை நான் சந்தித்திருக்கிறேன். நாவல்களில் வரும் கொடிய வீட்டுக்காரருக்குரிய இலக்கணம் ஒன்றும் அவரிடம் இல்லை. முதல் மாடியில் அதே ஒழுக்கின் கீழ் மனைவியுடன் வசிக்கும் எழுபது வயது முதியவர். இந்தியில் அவர் சொன்னது இது: "தம்பி, இந்தக் கட்டடத்தில் எல்லோரிடமும் ஏதோ ஓர் உரிமை இருக்கிறது. பெயர் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது." அவர் முற்றிலும் உண்மை சொன்னார் என்று கூற மாட்டேன். அவரிடமும் ஒன்று உண்டு. அதன் பெயர் பகடி.

பகடி என்றால் இந்தியில் தலைப்பாகை. தமிழில் கேலி. இரண்டுமே பொருந்துகின்றன என்பதைப் பின்வருவதைப் படித்தால் ஒப்புக்கொள்வீர்கள். வாடகை உறைந்துபோன காலத்தில் வீட்டுக்காரர்கள் ஒரு வழி கண்டனர். குடிவருபவரிடம் முதலிலேயே பெருந்தொகை வாங்கிக்கொள்வது. பின்பு அவர் பெயரளவு வாடகை கொடுத்துத் தலைமுறை தலைமுறையாக இருந்துகொள்ளலாம். அவர் இன்னொருவருக்கு அறையை மாற்றிக் கொடுத்தால், வரும் தொகையில் ஒரு பங்கு வீட்டுக்காரருக்கு. 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி இது குற்றம்; ஆயினும் ஊரறிய நடந்தது. 1999-ஆம் ஆண்டுச் சட்டம் அதை அனுமதித்துவிட்டது. ஆக, வாடகை மலிவாயிற்று என்பது முழு உண்மையன்று. மாதா மாதம் வரவேண்டிய பணம் முன்கூட்டியே ஒரே தவணையில் கைமாறிற்று. அந்தப் பெருந்தொகை இல்லாதவன் கதவுக்கு வெளியே நின்றான். மாதம் தோறும் வந்திருந்தால் கட்டடத்துக்குச் சென்றிருக்கக்கூடிய பணம், ஒரே நாளில் வந்ததால் வீட்டுக்காரரின் பெண் கல்யாணத்துக்கோ வேறு தொழிலுக்கோ சென்றுவிட்டது. சுவருக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை.

கட்டடங்கள் விழத் தொடங்கியபோது அரசு விழித்துக்கொண்டது. 1969-இல் ஒரு சட்டம் இயற்றி, மும்பைத் தீவு நகரின் பழைய வாடகைக் கட்டடங்களுக்கு ஒரு சிறப்பு வரி விதித்து, அந்தப் பணத்தால் பழுது பார்க்க ஒரு வாரியத்தை அமைத்தது. இன்று அவ்வேலை மகாராஷ்டிர வீட்டு வசதி வாரியமான மாடாவின் கையில் இருக்கிறது. தொடக்கத்தில் அவ்வரிக்குட்பட்ட கட்டடங்கள் 19,642. இடிந்தவையும் மீண்டும் கட்டப்பட்டவையும் போக, இன்னும் ஏறத்தாழ 13,000 நிற்கின்றன. "நிற்கின்றன" என்ற சொல்லைச் சற்றுத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். 2017 ஆகஸ்டு 31 அன்று பிண்டி பஜாரில் நூறாண்டு கடந்த ஹுசைனி கட்டடம் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஜூலையில் டோங்கிரியில் இன்னொன்று. இரண்டும் மழை மாதங்கள். பெரியம்மா கேட்கும் முனகலை நான் இப்போது வேறு விதமாகக் கேட்கிறேன்.

தனியார் வீட்டுக்காரரிடம் விட்டதால்தானே இந்த நிலை, அரசே கட்டி வாடகைக்கு விட்டால் என்ன என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். அதையும் இவ்வூர் செய்து பார்த்திருக்கிறது. 1920-களில் பம்பாய் வளர்ச்சித் துறை வொர்லி, நாய்காவ், டிலைல் சாலை, சிவ்டி ஆகிய இடங்களில் பி. டி. டி. சால்கள் என்ற தொகுப்பு வீடுகளைக் கட்டிற்று. ஐம்பதாயிரம் அறைகள் கட்டத் திட்டமிட்டுப் பதினாறாயிரம் சொச்சத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். தரைத்தளமும் மூன்று மாடியும், ஒரு கட்டடத்துக்கு எண்பது அறை, ஓர் அறை 160 சதுர அடி, மாடிக்கு மாடி பொதுக் கழிப்பிடம். கட்டிய செலவுக்கு ஏற்ற வாடகையை ஆலைத் தொழிலாளி கொடுக்க இயலாது என்பதை அன்றே அறிந்திருந்தார்கள். ஆகவே நகருக்குள் வரும் பஞ்சுப் பொதி ஒன்றுக்கு ஒரு ரூபாய் தீர்வை விதித்துப் பற்றாக்குறையை நிரப்ப முனைந்தார்கள். அப்படியும், குறைத்த வாடகையே அதிகமென்றும் ஆலையிலிருந்து தொலைவென்றும் எண்ணித் தொழிலாளர் வரவில்லை. தொடக்க ஆண்டுகளில் அறைகள் பல காலியாகவே கிடந்தன. கட்டுபவருக்குக் கட்டுபடியாகும் வாடகையும் இருப்பவருக்குக் கட்டுபடியாகும் வாடகையும் வெவ்வேறாக இருக்கும்போது, இடைவெளியை யாராவது நிரப்பியாக வேண்டும். அன்று பஞ்சுப் பொதி நிரப்பிற்று.

இன்று அதே வொர்லியில் சால்களை இடித்துக் கோபுரங்கள் எழுப்புகிறார்கள். 160 சதுர அடி அறைக்கு 500 சதுர அடி வீடு இலவசம். 2025 ஆகஸ்டில் முதற்குடும்பங்கள் சாவி பெற்றன. கூடவே கட்டப்படும் விற்பனை வீடுகளின் இலாபம்தான் இம்முறை இடைவெளியை நிரப்புகிறது. மகிழ வேண்டிய செய்தியே. ஆனால் பன்மாடிக் கோபுரத்திற்கு மின்தூக்கி வேண்டும், நீரேற்றி வேண்டும், தீயணைப்பு அமைப்பு வேண்டும். இவை மாதந்தோறும் பணம் கேட்கும். வீடு இலவசமாகக் கிடைத்தாலும் குடியிருப்பு இலவசமாவதில்லை.

சரி, பழைய கதை போகட்டும். கட்டுப்பாடு ஒன்றுமில்லாமல் சந்தை விலையில் 36,000 ரூபாய் கொடுக்கிறோமே, எங்கள் வீட்டுக்காரராவது கொழிக்கிறாரா? இதுவே என்னை மிகவும் வியக்க வைத்த பகுதி.

எங்கள் வீட்டைப் போன்றதொரு வீடு அத்தெருவில் ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது லட்சத்திற்கு விலை போகிறது. ஆண்டு வாடகை 4 லட்சத்து 32 ஆயிரம். அதாவது முதலுக்கு மூன்று விழுக்காடு. அதில் சங்கப் பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 48,000. ஆள் மாறும்போது ஒரு மாதம் காலியாகக் கிடப்பதால் இழப்பு 36,000. வெள்ளையடிப்பு, குழாய், வரி முதலியன 30,000. மிச்சம் 3 லட்சத்து 18 ஆயிரம். முதலில் இரண்டேகால் விழுக்காடு. அதே பணத்தை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டால், ஆறரை விழுக்காடு என்று கொண்டாலும், ஒன்பது லட்சத்துக்கு மேல் வட்டி வரும். வீட்டை எண்பது விழுக்காடு கடனில் வாங்கியிருந்தாரேயானால், எட்டரை விழுக்காடு வட்டிக்கு, இருபதாண்டுத் தவணை மாதம் 97,000 ரூபாய். நாங்கள் நால்வரும் சேர்ந்து கொடுப்பது அதில் மூன்றிலொரு பங்கைச் சற்றே தாண்டுகிறது.

எங்களுக்குத் தாங்காத வாடகை அவருக்குப் போதாத வாடகை! பின் ஏன் வாங்கினார்? வாடகைக்காக அல்ல. பத்தாண்டில் விலை ஏறும் என்ற நம்பிக்கைக்காக. வாடகை அவருக்குக் கொசுறு. கொசுறுக்காகத் தொல்லைப்படுவானேன் என்று நினைப்பவர் வீட்டைப் பூட்டியே வைத்துவிடுகிறார். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்திய நகரங்களில் ஒரு கோடியே பத்து லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன. மும்பையில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சத்து 80 ஆயிரம். நகரங்களில் வாடகை வீடுகளின் பங்கு 1961-இல் நூற்றுக்கு 54 ஆக இருந்து 2011-இல் 28 ஆகச் சுருங்கிற்று என்று 2017-18-ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை கூறுகிறது. வீடில்லாமல் அலைபவர்களும் ஆளில்லாத வீடுகளும் ஒரே ஊரில் இருக்கும் விந்தை இது.

பூட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு; அது அச்சம். வாடகைச் சட்டத்திலிருந்து தப்ப, மும்பை வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விடாமல் 'லீவ் அண்டு லைசென்ஸ்' என்ற அனுமதி ஒப்பந்தத்தில் ஆள் வைத்தார்கள். ஆனால் 1973-இல் ஒரு திருத்தம் வந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 1 அன்று அப்படிக் குடியிருந்தவர்கள் அனைவரும் வாடகைதாரராகவே கருதப்படுவர் என்று அது கூறிவிட்டது. ஒரே நாளில் விருந்தாளி வீட்டுக்குரியவனானான். அந்நினைவு இன்னும் இவ்வூரை விட்டு நீங்கவில்லை. நம்மில் பலர் ஆண்டுதோறும் பெட்டி படுக்கையோடு வீடு மாறுவதற்குக் காரணமான பதினொரு மாத ஒப்பந்தத்தின் பின்னால் அந்த அச்சமும் இருக்கிறது என்பது என் கருத்து. ஓராண்டைக் கடந்த குத்தகையைப் பதிவு செய்ய வேண்டுமென்ற 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தவிர்க்கவே நாடெங்கும் பதினொரு மாதம் வழக்கமாயிற்று. மகாராஷ்டிரத்திலோ எத்தனை மாதமானாலும் பதிவு கட்டாயம். பதிவு செய்யாவிட்டால், ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே, மறுத்து நிரூபிக்கப்படும் வரை, உண்மையாகக் கொள்ளப்படும் என்கிறது 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. நம் சங்க உறுப்பினர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய வீட்டில் வெள்ளையடிப்பு என்ற பெயரில் எங்கள் முன்பணத்திலிருந்து 18,000 ரூபாய் கழிக்கப்பட்டபோது நாங்கள் இதை அறிந்திருக்கவில்லை. கையெழுத்திட்ட காகிதம் பதிவாகியிருக்கவும் இல்லை.

வருவாயில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் வீட்டுக்குச் செலவிடலாகாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவுகோல். தலைக்கு ஒன்பதாயிரம் கொடுக்க முப்பதாயிரம் வருவாய் வேண்டும். எம். எஸ்ஸி. மாணவனின் வருவாய் சுழி. ஆகவே அந்த ஒன்பதாயிரம் திருநெல்வேலியில் என் தகப்பனார் சம்பளத்திலிருந்து புறப்படுகிறது.

அப்படியானால் குடியிருப்பவனுக்கும் தாங்கி, கட்டடத்தையும் காக்கும் வாடகை என்று ஒன்று உண்டா? உண்டு என்றே எண்ணுகிறேன். அதற்கு ஓர் எடுத்துக்காட்டு நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே வல்லம் வடகாலில், தொழிற்சாலைப் பெண்களுக்காகச் சிப்காட் நிறுவனம் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பதின்மூன்று கட்டடங்கள், கட்டடத்துக்கு 240 அறைகள், அறைக்கு அறுவர், ஆக 18,720 பேர். செலவு 706 கோடியே 50 லட்சம். வகுத்துப் பார்த்தால் ஒரு படுக்கைக்கு 3 லட்சத்து 77 ஆயிரம். அத்தொகைக்கு ஆண்டுக்கு ஆறு விழுக்காடு வருவாய் வேண்டுமென்றால் மாதம் 1,900 ரூபாய்க்குள் அடங்குகிறது. பராமரிப்புக்கு அதே அளவு கூட்டினாலும் நாலாயிரத்தைத் தொடவில்லை. (இது என் கணக்கு, அங்கு வசூலிக்கும் தொகையன்று.) இது எப்படி இயன்றது? நிலம் சிப்காட்டினுடையது, மும்பை மனையின் விலையைப் போல அது கணக்கில் ஏறவில்லை. வீட்டை நாளை விற்று இலாபம் பார்க்க வேண்டுமென்ற நோக்கமும் இல்லை. மண்ணின் விலையை நீக்கிவிட்டால் சுவரும் கூரையும் அவ்வளவு விலையுயர்ந்தவை அல்ல. ஓர் அறையில் அறுவர் இருப்பது இன்பமான வாழ்க்கை என்று நான் சொல்லவில்லை. எங்கள் நால்வருக்கே ஒரு குளியலறைக்குக் காலையில் போர் நடக்கிறது.

பல்கலைக்கழகங்களிடம் நிலம் இருக்கிறது. விடுதிகளில் இடந்தான் இல்லை. நமக்கு வேண்டுவது இலவச அறையன்று. செலவுக்குச் சரியான வாடகையில் ஓர் அறை என்று நம் சங்கம் நிர்வாகத்திடம் கணக்கோடு சென்று கேட்கலாம் என்பது என் யோசனை. அடுத்த பொதுக்குழுவில் இதை வைக்க எண்ணியுள்ளேன்.

பெரியப்பா கட்டடத்தின் செய்தியைக் கூறாமல் விட்டால் அவர் கோபித்துக்கொள்வார். சென்ற மாதம் குடியிருப்போர் கூட்டம் நடந்தது. முதியவர் வாடகை ஏற்றத்தைக் கேட்கவில்லை. குடியிருப்போரே முன்வந்து, மொட்டைமாடிக்காக அறைக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் இரண்டாண்டு தனிக் கணக்கில் செலுத்துவது என்றும், உரிமையாளரும் ஒரு லட்சம் போடுவது என்றும் பேசப்பட்டது. இருபத்து நான்கு பேரில் பத்தொன்பது பேர் இசைந்தார்கள். மூவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இருவர், சட்டப்படி இது வீட்டுக்காரர் கடமை, ஒரு காசும் தர மாட்டோம் என்றார்கள். அவர்கள் இருப்பது தரைத்தளத்தில். பத்தொன்பது பேரின் முதல் தவணை வங்கியில் சேர்ந்துவிட்டது. ஜூன் மாதத்துக்குள் மேற்குப் பக்க ஒழுக்கை மட்டுமாவது அடைத்துவிடுவதாக மேஸ்திரி கூறியிருக்கிறார்.